தாளிக்காத கோழி

மாமா மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு சரியாகச் சாப்பிடவே இல்லை. மாமா என்றால் என் மாமனார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தட்டுக்கு முன்னால் உட்காருவார், ஒரு வாய் எடுத்து வைத்து அதையே மென்றுகொண்டிருப்பார், பிறகு "போதும்மா, வயிறு நிறைஞ்சிருச்சு" என்று எழுந்துவிடுவார். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். எண்ணெயையும் உப்பையும் குறைக்க வேண்டும், ஆனால் சத்து குறையக் கூடாது, மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அந்த அறையில் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

வீடு வந்து சேர்ந்ததும் என் கணவர், "நீ படிச்சவ. அப்பா சாப்பாட்டை நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். அத்தை, அதாவது என் மாமியார், அடுப்பை விட்டுத் தள்ளி நின்றுகொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன், கையில் ஃபோனோடு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. மாமாவின் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தபோது பெருமை போய்விட்டது, பயம் மட்டும் மிச்சம்.

மாமா விருதுநகர் பஜாரில் எண்ணெய் வியாபாரம் செய்தவர். நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தே விலை சொல்லுவார். எங்கள் வீட்டில் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கவில்லை என்றால் வந்தவர்களை மதிக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு நான் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தேன். ஆவியில் வேகவைத்த காய் கொடுத்தேன். "ஆஸ்பத்திரியில இருந்து வந்தும் ஆஸ்பத்திரிச் சோறுதானா" என்று சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்துவிட்டார். நான் எதைத் தப்பாகச் செய்கிறேன், உப்பா, பக்குவமா, பேச்சா என்று நாள் முழுக்க யோசிப்பேன். என் மகளுக்குப் பால் ஆற்றும்போதும் அதே யோசனைதான். அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் ஒரு பக்கம் வாயை மூடிக்கொள்ளுவாள், மாமா ஒரு பக்கம். ஒருவரையும் சாப்பிட வைக்கத் தெரியாதவள் நான் என்று எனக்கே தோன்றும்.

ஒரு புதன்கிழமை காலை மாமா தானாகவே, "கோழி சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். முந்தின நாள்தான் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். சீக்கிரம் செய்துவிடக்கூடிய சிக்கன் சாலட். எண்ணெய் கிடையாது. வேகவைத்த கோழி, பச்சைக் காய்கள், மேலே கெட்டித் தயிரில் பச்சிலைகள் கலந்த ஒரு கலவை. அதில் வந்த பெண் பாட்டுப் பாடிக்கொண்டே செய்து முடித்துவிட்டாள்.

எனக்கு அது சீக்கிரத்தில் முடியவில்லை. நெஞ்சுக்கறியாகக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். மஞ்சள் போட்டுக் கழுவினேன், பிறகு வெள்ளையாக இருக்க வேண்டுமே என்று மஞ்சள் போகும் வரை மறுபடி கழுவினேன். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வேகவைத்தேன். வெந்துவிட்டதா என்று சந்தேகம் வந்து ஒரு துண்டைப் பிய்த்தேன், இன்னொன்றைப் பிய்த்தேன், கடைசியில் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டேன். நல்லவேளை, பிய்த்துத்தான் போட வேண்டும். துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த தயிர் வெண்ணெய் மாதிரி திரண்டிருந்தது. அதில் மல்லித்தழையும் புதினாவும் பொடியாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒரு பல் பூண்டு அரைத்துச் சேர்த்தேன். வீடியோவில் கிரீம் ஊற்றினாள். நான் அதற்குப் பதிலாக முந்திரிப்பருப்பு கொஞ்சம் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தேன். முந்திரி கொழுப்பாச்சே என்று பாதியை எடுத்து வைத்துவிட்டேன். வெள்ளரிக்காய், கேரட், கொஞ்சம் வெங்காயம். எல்லாவற்றையும் பிசறி ஒரு துண்டு வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. பொய் இல்லை, மிகவும் நன்றாக இருந்தது. குளுமையாக, புதினா மணத்தோடு, மெத்தென்று இருந்தது. கிண்ணத்தை எட்டி என் மகள் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தயிரை நக்கினாள். அதையே நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்குத் தட்டில் வைத்துக் கொண்டுபோகும் நேரத்தில் வாசலில் ஆள் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரை உடம்பு விசாரிக்க வருவது வழக்கம். செவ்வாயும் வெள்ளியும் வர மாட்டார்கள், அதனால் புதன்கிழமை என்றால் கூட்டம்தான். அன்றைக்கு முதலில் வந்தது என் அம்மா. சாத்தூர் வந்து பஸ் மாறி வந்திருந்தாள். அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை பார்க்கிறாள். சீசன் நேரத்தில் லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேட்டு வாங்கி வந்திருந்தாள். நல்ல சேலை, கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள். "சம்பந்தி வந்து பாக்கலன்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்ல" என்று என் காதில் சொல்லிவிட்டு, கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் சேரின் நுனியில் உட்கார்ந்தாள். என் மகள் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பின்னாலேயே சின்னத்தை வந்தார். மாமாவின் தம்பி மனைவி. அடுத்த தெருதான். வந்தால் வீடு முழுக்க அவர் குரல்தான் இருக்கும். மாமாவுக்கு அவரைப் பிடிக்கும், அவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார். எனக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

"என்ன அத்தான், மாப்பிள்ளை கணக்கா மெலிஞ்சுட்டீகளே" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், நான் மாமா முன்னால் வைத்த தட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்னத்தா இது?"

"கோழி, சின்னத்தை."

"கோழியா? நரைச்சுல்ல போயிருக்கு!"

மாமா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். "சாலட்டு. எண்ணெய் இல்லாம செஞ்சது. மாமாவுக்காக."

"சாலட்டா? கல்யாண வீட்டுல ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துல வைப்பாகளே, அதுலயா கோழியப் போட்ட?" என்று கேட்டுவிட்டு, தட்டைக் கொஞ்சம் மோந்து பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போயிற்று. "மஞ்சத்தூள் போடலையா?"

"இல்ல."

"தாளிக்கவும் இல்லையா?"

"இதுக்குத் தாளிக்க வேண்டியதில்ல, சின்னத்தை."

அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். "ஏங்க்கா, நான் உடம்பு விசாரிக்க வந்திருக்கனா, இல்ல துட்டி கேக்க வந்திருக்கனா?"

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லுவதைத் துட்டி கேட்பது என்போம். என் மாமியார் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், காரியம் முடியும் வரை அடுப்பில் கடுகு வெடிக்கக் கூடாது. குழம்பில் மஞ்சள் விழக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தமும் கறிவேப்பிலை வாசமும் திரும்ப வந்தால்தான் துட்டி கழிந்ததாகக் கணக்கு. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்து வந்த மனிதரின் முன்னால், மஞ்சளும் தாளிப்பும் இல்லாத வெள்ளைத் தட்டை நான் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

அத்தையின் முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோபம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம். நான்தான் அதைத் திரும்ப வரவழைத்தேன்.

எனக்கு அந்த வழக்கம் தெரியாது என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். தெரியும். நான் கல்யாணமாகி வந்த வருஷம் மாமாவின் அண்ணன் இறந்தார், அந்தச் சோற்றை நானே பந்தியில் பரிமாறியிருக்கிறேன். ஆனால் சாலட்டைப் பிசறும்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தாளிக்காத சாப்பாடு எனக்குச் சாவு வீட்டுச் சாப்பாடு இல்லை. நான் அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன். விடிகிற நேரம் யூனிட் வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் அம்மா சோறு வடித்து, பருப்பில் உப்பும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்து இறக்கிவிட்டு ஓடுவாள். தாளிப்பதற்கு நேரம் வேண்டும், எண்ணெய் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடுகு வெடிக்கும். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தால் என்னுடைய குழம்பு மட்டும் மொட்டையாக இருக்கும். நான் மூடியைப் பாதி மட்டும் திறந்து சாப்பிடுவேன்.

அதெல்லாம் அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னத்தைக்குத் தெரிந்திருந்தது, அல்லது குருட்டுவாக்கில் சொன்னாரோ என்னவோ. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அவளைச் சொல்லி என்னக்கா செய்ய? வேனுக்கு ஓடுறவுக வீட்டுல எங்கன தாளிக்க நேரம்? அவளுக்கு இதுதான் பழக்கமா இருக்கும்."

அம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். என் மகளின் முடியைக் கோதிக்கொண்டிருந்த கை நின்றது.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. "அப்படில்லாம் இல்ல சின்னத்தை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எங்க வீட்டுலயும் தினமும் தாளிப்போம். தாளிக்காம எங்கம்மா எதையுமே இறக்க மாட்டாங்க. இன்னைக்கு அவசரத்துல மறந்துட்டேன்."

வேறு எத்தனையோ சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னார், எண்ணெய் கூடாது, அதனால் தாளிக்கவில்லை என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே அன்று காலை முழுக்க நான் பாடுபட்டது. ஆனால் எனக்கு அந்த நிமிஷத்தில் மாமாவின் இருதயம் பெரிதாகத் தெரியவில்லை. வேனுக்கு ஓடுகிற வீடு என்ற அந்தச் சொல்தான் பெரிதாகத் தெரிந்தது.

அப்புறம் அம்மா பேசினாள்.

"ஆமா மதினி, இவ மறதிக்காரி" என்றாள் சின்னத்தையிடம். "சின்னதுல இருந்தே அப்படித்தான். தாளிச்ச வாசம் வரலன்னா தட்டுல கையே வைக்க மாட்டா. ரசத்துக்குக்கூட ரெண்டு தடவை தாளிக்கணும் எம்மகளுக்கு. இன்னைக்குப் பாருங்க, அவளே மறந்துட்டா." அம்மா சிரித்தாள். எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடிகிற மாதிரி நன்றாகச் சிரித்தாள்.

"ரசத்துக்கு ரெண்டு தடவையா! அம்புட்டு நாக்கா இவளுக்கு?" என்று சின்னத்தையும் சிரித்துவிட்டார்.

"நான் இன்னும் உக்காந்துதான் இருக்கேன். படுக்க வச்சிராதீக" என்றார் மாமா. சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. ஆனால் அவர் தட்டைத் தொடவில்லை. அத்தை குனிந்து, தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தார். எடுத்த விதத்திலேயே தெரிந்தது, அது கொல்லைப்பக்கம் போய் நாய்க்குத்தான் விழும்.

"மதினி, அதை இப்படிக் குடுங்க" என்றாள் அம்மா. "பஸ்ல வந்தது பசிக்கி. எதுக்குக் கொட்டணும்?"

"ஐயோ, உங்களுக்கு எப்படி இதைக் குடுக்க?" என்று அத்தை தயங்கினார். "இருங்க, சோறு போடுறேன்."

"சோறு பெறகு சாப்பிட்டுக்கிடுறேன். எம்மக செஞ்சதுதான, குடுங்க."

அத்தை கொடுத்தார். என் மகள் மடியில் இருக்கும்போதே அம்மா அந்தத் தட்டை வாங்கி, கையால் அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். நிதானமாகச் சாப்பிட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோழித் துண்டைத் தயிரில் புரட்டி எடுத்து வாயில் போட்டு மென்றாள். நடுவில் என் மகளுக்கு ஒரு வாய் ஊட்டினாள். நான் எத்தனை பாடு பட்டாலும் வாய் திறக்காதவள் ஆ என்று திறந்து வாங்கிக்கொண்டு, மறுபடி ஆ என்றாள்.

மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பச்சடி கணக்கா இருக்குண்ணாச்சி" என்றாள் அம்மா. "பச்சடியில கோழி மேயுது."

மாமாவுக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்தது. இருமல் நின்றதும், "எனக்கும் கொஞ்சம் கொண்டாங்க பாப்போம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாயால் கேட்டு வாங்கிய முதல் சாப்பாடு அது. நான் சமையலறைக்கு ஓடினேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. தட்டில் எடுத்து வைப்பதற்குள் அத்தை என் பின்னால் வந்துவிட்டார்.

"தள்ளு" என்றார். கடுமையாக இல்லை. தாளிப்புக் கரண்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். நல்லெண்ணெய் ஜாடியைச் சாய்த்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கை, தாராளமாகவே சாய்ந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வேண்டாம் அத்தை, ஒரு சொட்டு போதும் அத்தை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, உரிமையும் இருந்தது. ஆனால் தாளிக்க மறந்துவிட்டேன் என்று சொன்னவள் இப்போது எண்ணெய் வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவேன்? கடுகு வெடித்தது. கறிவேப்பிலையும் கிள்ளிய மிளகாய் வத்தலும் போட்டு, கொஞ்சம் மஞ்சள் தூவி, அப்படியே கோழியின் மேல் கொட்டினார். சர்ரென்று சத்தம் வந்தது. நான் காலை முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செய்த வெள்ளையில் மஞ்சள் எண்ணெய் ஓடி இறங்கியது.

ஹாலிலிருந்து சின்னத்தை, "ஆங், இப்பத்தான் வீட்டு வாசம் வருது" என்றார்.

மாமா முழுவதையும் சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார். மாத்திரைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மாவைப் பார்த்து, "மகளை நல்லாத்தான் வளர்த்திருக்கீக" என்றார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் எத்தனை நாளாக எதிர்பார்த்திருந்த நிமிஷம் அது. எனக்குத் தரையைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. பக்கத்தில் அம்மா காலித் தட்டை வைத்துக்கொண்டு, கையைக் காயவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அத்தைதான் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் அம்மாவை பஸ் ஏற்றிவிட நானும் மகளும் போனோம். அம்மா வழி நெடுக என் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொடும்மா என்றாலும் கொடுக்கவில்லை. "அண்ணாச்சி சாப்பிட்டாகல்ல, அது போதும்" என்றாள். மாத்திரை எத்தனை வேளை என்று கேட்டாள். பிள்ளைக்கு வெயில் ஆகாது, தொப்பி போடு என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதுவிட்டுப் போகலாம் என்று இருந்தது. எதிரே பார்த்துக்கொண்டு "அம்மா, நான் இன்னைக்கு" என்று ஆரம்பித்தேன்.

"சாத்தூர் பஸ்ஸா அது? பாரு" என்றாள்.

சாத்தூர் பஸ் இல்லை. மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி கேட்டாள்:

"ஏத்தா, நான் சொன்னது சரியாத்தான சொன்னேன்? ரசத்துக்கு ரெண்டு தடவைன்னது கூடிப்போச்சோ? அவுக நம்பிட்டாகளா?"

அவள் கண்ணில் கேலி எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டாள். பரீட்சை எழுதிவிட்டு வந்து ஒரு கேள்விக்கு விடை சரிதானா என்று கேட்பது மாதிரி. நான் சொன்ன பொய்யைத் தன்னால் சரியாகத் தாங்கிப் பிடிக்க முடிந்ததா, எனக்கு அந்த வீட்டில் அதனால் ஏதாவது வந்துவிடுமா என்பதுதான் அவளுடைய கவலை.

"சரியாத்தாம்மா சொன்ன" என்றேன்.

"அப்பச் சரி" என்று மூச்சு விட்டாள். பஸ் வந்ததும் மகளை என்னிடம் கொடுத்துவிட்டு முண்டியடித்து ஏறினாள். சீட்டுக் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஜன்னல் வழியாக என் மகளுக்குக் கை காட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். முகம் தெளிந்திருந்தது.

"நாளைக்கும் அந்தக் கோழியே வேணுமாம் உங்க மாமாவுக்கு. நீயே செஞ்சிரு. தாளிக்க மட்டும் மறந்துராத."

"மறக்க மாட்டேன் அத்தை" என்றேன்.